மறதி நோட்டில் கம்பெனி சாப்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் படிக்கும்படி ஏதாவது எழுதித் தரச் சொல்லி, நான் ஓய்வு பெற்ற கம்பெனியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். வெற்றிக் கதையாக இருந்தால் நல்லது என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். வெற்றிக் கதைகளையெல்லாம் நம் முதலாளி ஏற்கெனவே கண்ணாடி போட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது நீங்கள் அவற்றைப் படித்துக்கொள்ளலாம். அந்த லிஃப்டின் குணத்துக்கு, மனப்பாடமே செய்துவிடலாம்.

நான் எழுதப் போவது சுவரில் மாட்ட முடியாத ஒன்று. இருபது வருடங்களுக்கு மேல் ஜாவாவில் மென்பொருள் எழுதிய ஒருவன், தெளிவான புத்தியுள்ள ஒரு மனுஷியைத் தன் புத்தியைத் தானே சந்தேகிக்க வைத்த கதை. அந்த ஒருவன் நான்தான். இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் திருப்பமாக வைத்து உங்களை ஏமாற்ற விரும்பவில்லை.

அப்போது நம் அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது. பதினோரு மணிக்கு மேல் யார் என்ன பேசினாலும் அதில் மீன் குழம்பு வாசம் கலந்திருக்கும். நான் அங்கே மூத்த வடிவமைப்பாளர். அதாவது, எல்லாருக்கும் முன்பாக வீட்டுக்குப் போகலாம், எல்லாருக்கும் கடைசியாக ஏச்சு வாங்கலாம். முதலாளி என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். எதைக் கேட்டாலும் "நோ ப்ரோப்ளம் லா" என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் என்ன கேட்டார்கள் என்று விசாரிப்பார்.

அப்படி அவர் ஒப்புக்கொண்ட வேலைகளில் ஒன்று நல்ல வேலை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பிறந்ததற்குக் காகிதம் இல்லாமல், அடையாள அட்டை வாங்க முடியாமல் நிற்கிற குடும்பங்களுக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்பு, ஒரு செயலி கேட்டது. பழைய தோட்டப் பதிவேடு, பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவு, கோயில் குறிப்பு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு எல்லாவற்றையும் கோத்து, இந்தப் பெண் இன்னாருடைய மகள், அவர் இன்னாருடைய மகள், அந்தப் பாட்டி இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார் என்று சங்கிலியாக எடுத்துக் காட்ட வேண்டும்.

இதற்குப் பொருத்தமானது செமான்டிக் வெப் என்று நான் சொன்னேன். பெயரைக் கேட்டதும் முதலாளி கட்டணத்தை உயர்த்திவிட்டார். விஷயம் எளிமையானதுதான். மற்ற மென்பொருள் தகவலைக் கட்டம் கட்டி அடுக்கும். இது சின்னச் சின்ன வாக்கியங்களாக வைத்துக்கொள்ளும். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். துர்கா, மகள், சாரதா. சாரதா, மகள், முனியம்மா. முனியம்மா, பிறந்த இடம், கேரி தீவு. பிறகு, நீங்கள் சொல்லித் தராத உறவையும் அதுவே கண்டுபிடித்துச் சொல்லும். நம் கல்யாண வீடுகளில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கும் அத்தைகள் காலங்காலமாகச் செய்து வருவது இதைத்தான், என்ன, அவர்களுக்கு ஜாவா தெரியாது.

செயலி தயாரானது. முதலாளி, "கிளவுட்ல போட்டுடுங்க" என்றார். அதுவரை நான் செயலிகளைக் குளிரூட்டிய அறையில், பூட்டுப் போட்ட அலமாரியில், எனக்குப் பெயர் தெரிந்த கணினியில் போட்டு வந்தவன். கிளவுட் என்பது, முகவரி தெரியாத ஊரில், முகம் தெரியாதவர் கணினியில் ஓர் அறை வாடகைக்கு எடுப்பது. அந்த அறைக்கு ஒரு விதி இருந்தது. செயலி ஒரு நிமிடத்துக்குள் எழுந்து பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கொன்றுவிடுவார்கள். நம் செயலிக்கோ காலையில் எழ நாலு நிமிடம் ஆகும். ஊர், தோட்டம், உறவுமுறை என்று நாங்கள் முன்பே நிரப்பியிருந்த அத்தனை வாக்கியங்களையும் படித்து முடித்த பிறகுதான் அது கண்ணையே திறக்கும்.

மூன்று நாள் போராடினேன். பிறகு எனக்கு அந்த அபாரமான யோசனை தோன்றியது. வாக்கியங்களை முன்கூட்டியே படித்து, அடுக்கி, அந்தச் சேமிப்பையே செயலியோடு ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்பிவிட்டால்? அனுப்பினேன். இருபது வினாடியில் எழுந்தது. புதிதாகச் சேர்க்கும் வாக்கியங்களும் அதே சேமிப்பில் போய் உட்கார்ந்துகொண்டன. முதலாளி எல்லாருக்கும் கீழே சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டாவது முறை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தேன், அவ்வளவு மிதப்பு.

அமைப்பின் சார்பில் முதலில் ஒரே ஒருவர் பயன்படுத்திப் பார்ப்பார் என்று ஏற்பாடு. கிள்ளானில் இருக்கும் ஸ்டெல்லா அக்கா. ரயில்வே குடும்பத்துப் பெண், தமிழ்ப் பள்ளி ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பதிவேடுகளில் உள்ள கையெழுத்தை, கரையான் தின்றது போக மிச்சத்தை, அவரைப் போல் படிக்க வேறு ஆள் கிடையாது. முதலில் அவர் எடுத்துக்கொண்டது துர்காவின் குடும்பத்தை. துர்காவுக்குப் பத்தொன்பது வயது. அட்டை இல்லாததால் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியாமல், காஜாங்கில் ஒரு கடையில் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாளே அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, நேத்து போட்டது ஒண்ணையும் காணோமே?"

"ரிஃப்ரெஷ் பண்ணுங்க அக்கா."

"பண்ணிட்டேன் தம்பி. காணோம்."

"சேவ் பண்ணீங்களா?"

"பண்ணேன். பச்சையா எழுத்து வந்துச்சே."

"ப்ரௌசர் கேஷ் கிளியர் பண்ணிட்டு, திருப்பிப் போட்டுப் பாருங்க அக்கா."

போட்டார். அன்று பூராவும் இருந்தது. மறுநாள் இல்லை. மறுபடியும் போன். மறுபடியும் அதே பதில். நீங்கள் அலட்சியம் என்று நினைத்துவிடக் கூடாது, நான் மிகவும் பொறுப்பானவன். தினமும் காலையில் அலுவலகம் வந்ததும் செயலியைத் திறந்து, அதனிடம் ஒரு கேள்வி கேட்பேன். முதலாளி விளக்கக் கூட்டத்தில் காட்டிய மாதிரிக் குடும்பத்தில் பேரனுக்குப் பாட்டி யார்? பளிச்சென்று பதில் வரும். செயலி நலம். அந்த மாதிரிக் குடும்பத்தை நானேதான் பொட்டலத்தில் வைத்துக் கட்டியிருந்தேன் என்பது அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. நான் வைத்ததை என்னிடமே எடுத்துக் கொடுத்த செயலியைத் தினமும் மெச்சிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் புகார்களைப் பதிவு செய்து, ஒவ்வொன்றின் எதிரிலும் "பயனர் பிழை" என்று எழுதி மூடினேன். ஐந்து புகார். இத்தனை வேகமாகப் புகாரை மூடுபவர் வேறு யாரும் இல்லை என்று முதலாளி கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன், ஆனால் தப்பாகக் கவனித்தேன். முதல் போனில் அக்கா "சேவ் பண்ணேன்" என்றார். மூன்றாவது போனில் "பண்ணேன்னுதான் நினைக்கிறேன்" என்றார். ஐந்தாவது போனில், "பண்ணலையோ என்னவோ தம்பி, தெரியல" என்றார். கடைசியில் ஒப்புக்கொண்டார் பார் என்று சந்தோஷப்பட்டேன்.

பதினொன்றாம் நாள் காலை, அமைப்பிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டு, மறுநாள் புத்ராஜெயாவில் துர்காவுக்கு அடையாள அட்டைக்கான நேர்காணல், குடும்பச் சங்கிலி அச்சாகி இன்னும் கைக்கு வரவில்லை என்றார்கள். முதலாளி என் மேசைக்கு வந்தார்.

"அந்த அக்காவுக்கு ட்ரெய்னிங் பத்தல போல. கிள்ளானுக்குப் போய் நேர்ல காட்டிட்டு வந்துடுங்க பாஸ்."

வயதில் மூத்தவன் என்பதால் அவர் என்னை பாஸ் என்பார், சம்பளம் அவர் கொடுத்தாலும். நான் கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து கிள்ளானுக்குப் போனேன். பையில் மடிக்கணினியோடு பன்னிரண்டு படப் பக்கங்கள் அச்சடித்து வைத்திருந்தேன். தலைப்பு, "சேவ் பொத்தானை அழுத்துவது எப்படி". ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெரிய சிவப்பு அம்பு. ஓய்வு பெறும் நாளில் என் மேசையைக் காலி செய்தபோது அது கிடைத்தது. கிழித்துப் போட மனம் வரவில்லை, இன்னும் வைத்திருக்கிறேன்.

வீட்டு முன்கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே கணினி. அதன்மேல் பூவேலை செய்த துணி. அக்கா துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, மைலோவும் பிஸ்கட்டும் கொண்டு வந்தார். காலையிலேயே எழுந்து துர்காவின் குடும்பம் முழுவதையும் மறுபடி போட்டுவிட்டதாகச் சொன்னார். நான் சிவப்பு அம்புகளைக் காட்டி இருபது நிமிடம் பேசினேன். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வருடம் கணக்கு வழக்கு பார்த்த மனுஷி, "சரி தம்பி, சரி தம்பி" என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "இருங்க தம்பி, எழுதிக்கிறேன்" என்று இழுப்பறையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார்.

"என்னக்கா இது, குறிப்பா?"

நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கணினியையே பார்த்தார்.

"கிளினிக்ல டாக்டர் எழுதச் சொன்னாரு. எங்கம்மாவுக்குக் கடைசியில மறதி நோய் தம்பி. என்னையே யாருன்னு கேட்டுச்சு. இப்ப எனக்கும் ஆரம்பிச்சிடுச்சு போல. என்னென்ன செஞ்சேன், எது எது காணாமப் போச்சுன்னு ரெண்டு வாரம் எழுதிக் கொண்டாங்க, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்னாரு. கார் சாவியை மகன்கிட்ட குடுத்திட்டேன். பாசாருக்கும் தனியாப் போறதில்ல. எங்கயாச்சும் வழி மறந்து நின்னுட்டா?"

"எதெல்லாம் மறக்குதுக்கா? சாமான், பேரு, ஏதாவது?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல. இந்த கம்ப்யூட்டர் வேலைதான். போட்டேன்னு நல்லா ஞாபகம் இருக்கு, வந்து பாத்தா இல்ல. நீங்களும் சொன்னீங்கல்ல, சேவ் பண்ணியிருக்க மாட்டீங்கன்னு."

நோட்டைக் கேட்டு வாங்கினேன். கிளார்க் கையெழுத்து, முத்து முத்தாக.

"ஞாயிறு. பூசை முடிந்து வந்து பார்த்தேன். நேற்று மாலை போட்டது இல்லை. மறுபடி போட்டேன். நான் நேற்றுப் போட்டேனா?"

"திங்கள். காலை 9.20. முனியம்மாவின் பிறப்புப் பதிவு போட்டேன். சேவ் செய்தேன். பச்சை எழுத்து வந்தது. 9.40க்குப் பார்த்தேன், இருந்தது. 10.30க்கு இல்லை. நான் போட்டேனா?"

"செவ்வாய். 11 மணிக்கு எல்லாம் போட்டு முடித்தேன். 12.10க்கு இருந்தது. 12.35க்கு இல்லை. எழுந்து போகவே இல்லை. நான் போட்டேனா?"

ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வியோடுதான் முடிந்தது. எத்தனையோ புகார் படித்திருக்கிறேன், "வேலை செய்யவில்லை" என்ற இரண்டே வார்த்தையோடு வருபவைதான் பெரும்பாலும். இப்படி நேரம் குறித்து, இருந்ததையும் இல்லாததையும் தனித்தனியாக எழுதி, யார் மேலும் பழி போடாமல் வந்த ஒரு புகாரை நான் பார்த்ததே இல்லை. அதுவும் எங்களுக்காக எழுதப்பட்டதல்ல. மருத்துவரிடம் காட்ட, தன்மேல் தானே எழுதிக்கொண்ட புகார்.

திங்கள் பத்து மணி வாக்கில். செவ்வாய் பன்னிரண்டு தாண்டி. ஒரு நாளும், அதற்கு மேல் கொஞ்சமும். அந்தக் கிளவுட் மேடையின் விளக்கக் குறிப்பில் நானே படித்த வரிதான் அது. ஒவ்வொரு செயலியும் நாளுக்கு ஒரு முறை, இருபத்து நாலு மணி நேரமும் அதற்கு மேல் கொஞ்சம் அதன் இஷ்டத்துக்கும் விட்டு, புதிதாகத் தொடங்கப்படும். புதிதாகத் தொடங்குவது நல்லதுதானே என்று தாண்டிப் போனேன். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அப்படித் தொடங்கும்போது கணினியின் சேமிப்பு வட்டில் எழுதியதெல்லாம் போய்விடும், பொட்டலத்தில் வந்தது மட்டும் இருக்கும். ஓட்டல் அறை மாதிரி. தினமும் யாரோ வந்து விரிப்பை மாற்றி, மேசையில் நீங்கள் எழுதி வைத்ததையும் கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டுப் போவார்கள். நான் அந்த அறையில்தான் பீரோ இருக்கிறதென்று ஒரு குடும்பத்தின் பிறப்புப் பத்திரங்களை வைத்திருந்தேன்.

மணி பார்த்தேன். பதினொன்று ஐம்பது. நேற்று, செவ்வாய்க்கிழமை, 12.10 வரை இருந்தது என்றால், இன்றைக்கு 12.10க்கு மேல் எந்த நிமிடமும் போகலாம். காலையில் அக்கா போட்டது, துர்கா நாளை கையில் எடுத்துப் போக வேண்டியது, எல்லாம் அதில்.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பாதி சொல்வதற்குள் முதலாளி, "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்றார். நம் தொழிலில் இது ஒரு ஜெபம். பெரும்பாலும் பலிக்கும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

"வேணாம், ரீஸ்டார்ட் பண்ணா..."

"சியூ லிங் பக்கத்துலதான் இருக்கா. பண்ணச் சொல்லிட்டேன்."

சியூ லிங் எங்கள் குழுவில் கெட்டிக்காரி. சொன்னதைச் சொன்ன வினாடியில் செய்பவள். அன்றைக்கு மட்டும் அவள் ஒரு சோம்பேறியாக இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

"ஜங்ஙான் செந்து!" என்று கத்தினேன். தொடாதே என்று மலாயில் கத்தினால்தான் எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கையும் ஒரே நேரத்தில் நிற்கும். அக்கா பயந்துபோய்த் தன் கையையும் விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார். போனில் சியூ லிங், "அங்கிள், என் விரல் பொத்தான் மேலே இருக்கு. எடுத்துடவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எடுக்கச் சொன்னேன். முதலாளி மறுபடி போனை வாங்கி, அப்படியானால் உடனே திருத்தி டெப்ளாய் செய்யச் சொன்னார், அதாவது திருத்திய செயலியைக் கிளவுடில் ஏற்றச் சொன்னார். டெப்ளாய் செய்தாலும் செயலி புதிதாகத்தான் தொடங்கும், அதுவும் துடைத்துவிடும் என்றேன். அப்போ என்னதான் செய்வது என்றார். ஒன்றும் செய்யக் கூடாது, முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும் என்றேன். ஒன்றும் செய்யாமல் இருக்க முதலாளிகளுக்குச் சம்மதம் வராது. அதனால், "நீங்க வாடிக்கையாளர்கிட்ட பேசுங்க" என்று அவருக்கும் ஒரு வேலை கொடுத்தேன்.

"சரி, ஆனா அந்த அக்காகிட்ட ஒண்ணும் உளறிடாதீங்க பாஸ். மெயின்டனன்ஸ்னு சொல்லிடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

வெளியே எடுக்கும் வசதி எதையும் நான் செயலியில் வைக்கவில்லை. வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஆனால் செமான்டிக் வெப்பில் ஒரு நல்ல குணம் உண்டு, கேள்வி கேட்டால் பதில் சொல்லும். உனக்குத் தெரிந்த வாக்கியம் அத்தனையும் ஒப்பித்துவிடு என்று ஒரு கேள்வி எழுதினேன். எழுதினேன் என்றால், மூன்று முறை தப்பாக எழுதினேன். இத்தனை வருட அனுபவசாலிக்கு ஓர் அடைப்புக்குறியை மூடத் தெரியவில்லை. 12.10 கடந்தது. நாலாவது முறை அது ஒப்பிக்கத் தொடங்கியது. 12.22க்குக் கோப்பு அக்காவின் கணினியில் வந்து இறங்கியது. திறந்து தேடினேன். முனியம்மா, பிறந்த இடம், கேரி தீவு. இருந்தது. ஒரு பென்டிரைவில் போட்டேன். எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டேன்.

"பிரிண்டும் எடுத்துக்குவமா தம்பி?" என்று அக்கா கேட்டார். முந்தின நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். "எடுங்கக்கா" என்றேன்.

அச்சுப்பொறி ஒவ்வொரு பக்கமாகத் துப்பிக்கொண்டிருந்தபோது அக்கா மெல்லக் கேட்டார். "நான் எதையாச்சும் தப்பா அழுத்திட்டேனா தம்பி?"

மெயின்டனன்ஸ் என்று சொல்ல நல்ல சந்தர்ப்பம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கோப்பு கிடைத்துவிட்டது, துர்காவுக்குக் காகிதம் கிடைத்துவிடும், யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் மெயின்டனன்ஸ் என்று சொல்லியிருந்தால், அந்த நோட்டு அடுத்த வாரம் மருத்துவரிடம் போயிருக்கும்.

"இல்லக்கா. நீங்க எல்லாத்தையும் போட்டீங்க. எல்லாத்தையும் சேவ் பண்ணீங்க. தினமும் அழிச்சது நான். தப்பான இடத்துல வச்சிட்டேன்."

அவர் சிரித்தார். நம்பவில்லை. "எனக்காகச் சொல்றீங்க. பரவால்ல தம்பி, எனக்குத் தெரியும்."

பதினொரு நாளில் ஐந்து போனில் சொல்லிச் சொல்லி நம்ப வைத்ததை ஒரு வாக்கியத்தில் திருப்பி எடுக்க முடியுமா? எனக்கு அப்போது என் மேலேயே ஆத்திரம் வந்தது. நாற்காலியை இழுத்துக் கணினிக்கு முன்னால் போட்டேன்.

"உக்காருங்கக்கா. கையை மடியில வையுங்க. ரெண்டு பேரும் எதையும் தொடாம பாத்துக்கிட்டே இருப்போம். கொஞ்ச நேரத்துல அதுவாவே போகும்."

உட்கார்ந்தோம். திரையில் துர்காவின் குடும்பம் கிளை கிளையாக விரிந்திருந்தது. அது நிமிடத்துக்கு ஒரு முறை தானே புதுப்பித்துக்கொள்ளும் பக்கம். 12.40. 12.50. பிஸ்கட் தீர்ந்தது. கிளவுட் இன்றைக்குப் பார்த்து நேர்மையாக நடந்துகொண்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். ஒரு செயலி விழ வேண்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டது அந்த ஒரு நாள்தான். சுவரிலிருந்த மாதாவையும் ஒரு முறை பார்த்துக்கொண்டேன், நான் அந்தப் பக்கம் இல்லாவிட்டாலும்.

ஒன்று ஐந்துக்குப் பக்கம் வெள்ளையானது. பிறகு வந்தது. துர்கா இல்லை, சாரதா இல்லை, முனியம்மா இல்லை. என் மாதிரிக் குடும்பம் மட்டும் பேரனும் பாட்டியுமாக நின்றுகொண்டிருந்தது.

போலீஸைப் பார்த்தவர் போல் அக்கா இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "நான் தொடல!"

"தொடலக்கா."

"நான் தொடவே இல்ல தம்பி! நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

கையை இறக்காமலே அழத் தொடங்கினார். சற்று நேரத்தில் அழுகை நின்று கோபம் வந்தது, நல்ல வேளையாக. "பதினொரு நாளு. எங்கம்மா மாதிரியே நானும் போறேன்னு ரூமுக்குள்ள உக்காந்து அழுதிருக்கேன். மகன்கிட்ட, என்னை எங்கயும் கொண்டு போய் விட்டுடாதடான்னு கெஞ்சியிருக்கேன். நீங்க போன்ல என்னா சொன்னீங்க? ரிஃப்ரெஷ் பண்ணுங்க."

தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. நல்ல பெரிய வெட்கம், இன்றைக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

பிறகு என் மடிக்கணினியிலேயே செயலியை ஓடவிட்டு, கோப்பை அதில் ஏற்றி, துர்காவின் சங்கிலியை அச்செடுத்தோம். அக்கா அதை மூலப் பதிவேட்டோடு ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுச் சரி போட்டார். ஒரு தப்பும் இல்லை. சாயங்காலம் துர்கா வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. மறுநாள் அவளுடைய விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். அட்டை கைக்கு வர அதற்கு மேலும் பல மாதம் ஆயிற்று, ஆனால் வந்தது. செயலியின் சேமிப்பை அந்த வாரமே வெளியே, தினமும் துடைக்காத இடத்துக்கு மாற்றினோம். எப்படி என்பதை நீங்கள் விளக்கக் குறிப்பில் படித்துக்கொள்ளலாம். தயவுசெய்து கீழ் வரியையும் படியுங்கள்.

நான் கிளம்பும்போது அக்கா மகனுக்குப் போன் போட்டு, கார் சாவி எங்கே என்று கேட்டார். மகன் ஏதோ தயங்கினார் போலிருக்கிறது. "நான் நல்லாத்தான்டா இருக்கேன். இங்க ஒருத்தர்தான் சரியில்ல" என்று சொல்லிச் சாவி இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு, என்னை ஸ்டேஷனில் இறக்கிவிடக் காரை எடுத்தார். பதினொரு நாள் கோபத்தையும் ஆக்ஸிலரேட்டரில் வைத்து மிதித்தார். ஒரு வழியும் மறக்கவில்லை, குறுக்கு வழிகள் உட்பட.

ஸ்டேஷன் வாசலில் நோட்டை நீட்டினார். "எழுதிக் குடுங்க."

"என்னக்கா?"

"இப்ப என்கிட்ட சொன்னதை. டாக்டருக்குக் காட்டணும்ல."

காரின் முன்பக்கத்தில் வைத்து எழுதினேன். "இந்த நோட்டில் குறிக்கப்பட்டுள்ள மறதிகள் அனைத்தும் என்னுடையவை. இவர் எதையும் மறக்கவில்லை." பெயர், பதவி, கையெழுத்து. அவர் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"சாப் இல்லியே?"

நியாயமான கேள்வி. இந்த நாட்டில் ரப்பர் சாப் குத்தாத காகிதம் வெறும் காகிதம். பள்ளிக்கூட விடுப்புக் கடிதத்திலிருந்து பிணம் எடுக்கும் சீட்டு வரைக்கும் சாப்தான் பேசும். நோட்டைக் கையோடு பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டு போனேன்.

முதலாளி படித்துவிட்டு வெலவெலத்துப் போனார். "கம்பெனி சாப் போட்டா கம்பெனி ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் பாஸ். நாளைக்கு லாயர் லெட்டர் வந்தா?"

"வந்தா என் பேருக்கு வரட்டும்."

"சாப் கம்பெனியோடது லா!"

அந்தப் புனிதமான சாப் வரவேற்பறை இழுப்பறையில் கிடந்தது. தண்ணீர் பாட்டில் வந்து இறங்கினாலும் அதைத்தான் குத்துவார்கள். முதலாளி அறைக்குள் போனதும் நான் போய் மையில் நன்றாக ஒற்றி, என் கையெழுத்தின் மேல் ஒரு குத்து, சந்தேகம் வேண்டாமென்று பக்கத்தில் இன்னொரு குத்து. சியூ லிங் பார்த்துக்கொண்டிருந்தாள். மை காய நோட்டை ஊதிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை நானே மறுபடி ரயில் ஏறிக் கிள்ளானில் கொண்டு போய்க் கொடுத்தேன். லாயர் லெட்டர் எதுவும் வரவில்லை. முதலாளி என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை, அலுவலகத்தில் நிறைய வேலை நடந்தது.

ஒரு நாள் எனக்கு ஒரு தபால் உறை வந்தது. உள்ளே அதே நோட்டு, மடித்த கடிதம் ஒன்று. மருத்துவர் நோட்டு முழுவதையும் படித்துவிட்டு, ஞாபகத்துக்கான சில சோதனைகளையும் செய்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரிக்கு எழுதுவதானால் இந்தச் சாப் குத்திய ஆள் பேருக்குத்தான் எழுத வேண்டும்" என்றாராம். அக்கா கீழே எழுதியிருந்தார்: "தம்பி, மறதி உங்களுடையது என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே நோட்டும் உங்களுடையது. பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது."

அதை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து, யாரிடமாவது "நீங்கள்தான் ஏதோ தப்பாகச் செய்திருப்பீர்கள்" என்று நான் சொல்லி, பிறகு தப்பு நம்முடையது என்று தெரிய வந்தால், தேதி போட்டு, அந்த ஆளின் பெயரையும் நான் சொன்ன வார்த்தையையும் அதில் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். திருந்திவிட்ட மனிதன் ஆயிற்றே, மிச்சப் பக்கங்கள் ஓய்வு பெறும் வரைக்கும் வரும் என்று நினைத்தேன்.

நோட்டு ஏழே மாதத்தில் நிரம்பிவிட்டது.